ராஜினாமா கேட்கும் எச்.ஆர். யாருடைய ஆள்?

சோழிங்கநல்லூர்வாசி:
என் தம்பிக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுப் பணி. சென்ற வாரம் எச்.ஆர். எனும் மனிதவளத் துறையின் அறைக்கு அழைத்து, "மாலைக்குள் ராஜினாமா கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்; இல்லையேல் நாங்களே நீக்கிவிடுவோம்" என்றிருக்கிறார்கள். எந்தக் குறை என்றாலும் எங்களிடம் வாருங்கள் என்று வேலையில் சேர்ந்த அன்று சொன்னதும் இதே துறைதான்.

மனிதவளக்காரி:
நானும் இந்தத் துறைதான். யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பது நிர்வாகம். திட்டு வாங்குவது நாங்கள். பி.எஃப்., பணிக்கொடை, 26 வார மகப்பேறு விடுப்பு எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் நாங்கள்தானே? அது யார் கண்ணிலும் படுவதில்லை.

சங்கத்துத் தோழன்:
அப்படியென்றால் ராஜினாமா எதற்கு? ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவு சொன்னது இது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. தம்பிக்கு 90 நாள் சம்பளம். தானாக விலகினேன் என்று எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பணம் நிறுவனத்துக்கு மிச்சம். அதைப் பிடுங்கித் தரும் வேலைதான் அந்த அறையில் நடக்கிறது.

மனிதவளக்காரி:
பொறியாளர் "தொழிலாளர்" ஆவாரா என்பதே வழக்காடும் விஷயம். நிர்வாகப் பணியில் இருப்பவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

சங்கத்துத் தோழன்:
பதவிப் பெயரை நீதிமன்றம் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. மேலாளர் என்று அட்டை தொங்கினாலும் நாள் முழுக்க நிரல் எழுதுபவர் யாரை நிர்வகிக்கிறார்?

அம்பத்தூர் பெரியவர்:
நான் ஆலையில் இருந்தவன். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு. தொழிலாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் அவர் தலையிடக்கூடாது, நிர்வாகத்துக்காக வழக்கில் நிற்கக்கூடாது என்று பல மாநில விதிகள் தடுத்தன. எங்கள் நல அலுவலர் கேன்டீன் சாம்பாரைக்கூட ருசி பார்த்துவிட்டுத்தான் பரிமாறவிடுவார். பிறகு அந்த அறைக்கு மனிதவளம் என்று பலகை மாட்டினார்கள்; விசாரணை நோட்டீஸும் அங்கிருந்தே வரத் தொடங்கியது.

மனிதவளக்காரி:
ஐயா, அந்தத் தடை எனக்கு ஒரு கவசமாக இருந்திருக்கும். கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்ற விதியை ஒருமுறை கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார்கள். பாலியல் புகார்களை 2013ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் கையில் விடவில்லை. வெளியாள் ஒருவரும் இருக்கும் தனிக்குழுவிடம் ஒப்படைத்தது. ஆட்குறைப்புக்கும் அப்படி ஒரு குழு வந்தால் முதலில் நிம்மதியடைபவள் நான்தான்.

சங்கத்துத் தோழன்:
குழு வருகிறபோது வரட்டும். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டாரா?

சோழிங்கநல்லூர்வாசி:
இல்லை. "சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் தருகிறேன்" என்று கேட்டிருக்கிறான். மூன்று நாளாகிறது, மின்னஞ்சல் வரவில்லை. அழைத்த அதிகாரி விடுப்பில் இருக்கிறாராம்.