முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம்: டெல்டாவில் திட்டமிடுபவர்களுக்கு

பிரசவ வார்டு செவிலியர், தஞ்சாவூர்

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தோலைக் குறுக்கே வெட்டிவிட்டு உள்ளே கர்ப்பப்பையை நெடுக்கில் திறந்திருக்கவும் கூடும். குறைமாதக் குழந்தை, குறுக்கே கிடந்த குழந்தை, நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்த கேஸ் என்றால் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டுதான். 'கிளாசிக்கல்' (கர்ப்பப்பை மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு), 'இன்வெர்ட்டட் டி' (தலைகீழ் 'T' வடிவ வெட்டு) என்று இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலவே கூடாது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில், அடுத்தது புகுந்த வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். மன்னார்குடியில் நடந்த ஆபரேஷனின் காகிதம் மயிலாடுதுறையில் கையில் இருக்காது. கிடைக்கவில்லையென்றால் ஆபரேஷன் நடந்த தேதி, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இரண்டையும் சொல்லி அந்த மருத்துவமனைப் பதிவறையில் நகல் கேளுங்கள். ஐந்தாம் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். வலி வந்த பிறகு அதைத் தேட யாருக்கும் நேரம் இருக்காது.

மகப்பேறு மருத்துவர், கும்பகோணம்

ஒரே ஒரு சிசேரியன், கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு, குழந்தையின் தலை கீழே. இந்த மூன்றும் பொருந்தினால் முயல்பவர்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவம் நடந்திருந்தால் அது 85 முதல் 90 வரை போகும். தானாக வலி வந்தால் கர்ப்பப்பையின் பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200-க்கு ஒருவர். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் பிரிந்தால் குழந்தைக்கு நிமிடங்கள்தான் அவகாசம். அதனால் முடிவு எடுக்கும்போது உங்கள் உடல்நிலைக்கு இணையாக மருத்துவமனையின் தயார்நிலையையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடைவெளியும் முக்கியம். இரண்டு பிரசவங்களுக்கும் நடுவில் 18 மாதத்துக்குக் குறைந்தால் ஆபத்து கூடும். அதாவது முதல் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆவதற்குள் மறுபடி கர்ப்பம் தரித்தவர்கள் இதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை எதற்காக ஆபரேஷன் என்பதும் கணக்கு. குழந்தை கால் கீழாக இருந்ததற்காகச் செய்திருந்தால் இம்முறை வாய்ப்பு நல்லது. வலி வந்தும் தலை இறங்காமல் செய்திருந்தால் வாய்ப்பு குறையும். ஸ்கேனில் தழும்பின் தடிமன் இத்தனை மில்லிமீட்டர் என்று வருவதை மட்டும் வைத்து 'சரி' என்றோ 'முடியாது' என்றோ நான் சொல்வதில்லை.

வலி வரவழைப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மிசோபிராஸ்டால் மாத்திரை தழும்புள்ள கர்ப்பப்பைக்குக் கூடவே கூடாது. ஆக்ஸிடோசின் டிரிப்ஸ் போட்டால் தையல் பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். மூத்த மருத்துவர் முடிவெடுத்துக் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். கர்ப்பப்பை வாய் திறக்காமல் இருந்தால் ஃபோலி பலூன் (வாயைத் திறக்க உள்ளே வைத்து நீர் நிரப்பும் சிறு குழாய்) வைப்பது மருந்தைவிடப் பாதுகாப்பு.

கிராம சுகாதார செவிலியர், வேதாரண்யம் பக்கம்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று வீட்டில் பெரியவங்க தருவாங்க. தையல் உள்ளவங்க குடிக்கவே கூடாது.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுந்தால் மழையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். ரோட்டில் தண்ணி ஏறினால் 108 வந்து சேரவே நேரமாகும். அதனால் 38 வாரத்துக்கு மேல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என எந்த ஊர் மருத்துவமனையை முடிவு செய்திருக்கீங்களோ அந்த ஊரிலேயே சொந்தக்காரங்க வீட்டில் தங்குங்க. பனிக்குடம் உடைந்தாலோ லேசாக வலி எடுத்தாலோ உடனே கிளம்பணும். வலி கூடட்டும்னு வீட்டில் காத்திருப்பது மற்றவங்களுக்குச் சரி, சிசேரியன் ஆனவங்களுக்கு இல்லை. பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), பழைய சம்மரி, ரத்த வகை எழுதிய தாய்சேய் அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கணும்.

பிரசவ வார்டு செவிலியர், தஞ்சாவூர்

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? தியேட்டர் உடனே திறக்குமா? ரத்தம் எங்கிருந்து வரும்? "கூப்பிட்டா வந்துடுவார்" என்று பதில் வந்தால் அங்கே இந்த முயற்சி வேண்டாம். சிறிய நர்சிங் ஹோம்கள் பலவற்றில் நிலைமை இதுதான். அரசு சீமாங்க் (CEmONC) மையங்கள் 24 மணி நேர அவசரப் பிரசவத்துக்காகவே அமைக்கப்பட்டவை. தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சேர்ந்ததும் கையில் ஊசிக் குழாய் போட்டு, ரத்தம் பொருத்திப் பார்க்கக் கொடுத்துவிடுவோம். வலி வலுத்த பிறகு குழந்தையின் இதயத் துடிப்பை சி.டி.ஜி. என்ற பதிவுக் கருவியில் விடாமல் பார்க்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது உள்சோதனை நடக்க வேண்டும். தையல் பிரிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தத் துடிப்புதான். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் தையல் இடத்தில் விடாத நோவு, ரத்தப்போக்கு, சிறுநீரில் ரத்தம், நன்றாக வந்துகொண்டிருந்த வலி திடீரென நிற்பது, இறங்கிய தலை மேலே ஏறுவது, இவற்றில் எதுவானாலும் உடனே தியேட்டர்தான். வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டால் இதெல்லாம் தெரியாமல் போகும் என்று சிலர் மறுக்கிறார்கள். தையல் இருப்பது மட்டுமே அந்த ஊசிக்குத் தடை இல்லை.

மகப்பேறு மருத்துவர், கும்பகோணம்

மறுபடி சிசேரியன்தான் வேண்டும் என்று தீர்மானிப்பதும் சரியான முடிவுதான். வேறு சிக்கல் இல்லையென்றால் 39 வாரத்தில் செய்வோம். மூன்றாவது குழந்தை எண்ணம் உள்ளவர்கள் மட்டும் ஒன்றை யோசிக்க வேண்டும். நச்சுக்கொடி கீழே இருந்து, ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆகியிருந்தால், அது தழும்பில் வேரூன்றும் ஆபத்து சுமார் 11 சதவீதம். இரண்டு ஆகியிருந்தால் சுமார் 40.

எந்த முடிவானாலும் 36 வாரத்துக்குள் அட்டையில் எழுதி வாங்குங்கள். தேதி குறித்த ஆபரேஷனுக்கு முன்பே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்தில் ஒருவருக்கு 39 வாரத்துக்கு முன்பே வலி வந்துவிடுகிறது.