தோற்றவர் அடுத்த சுற்றுக்கும் வர வேண்டும்: கேம்பெயின் நடத்தியவர்களின் அனுபவங்கள்

முதல் உறுப்பினர்:

மினியேச்சர் படைகளை மேசையில் நிறுத்தி விளையாடும் எங்கள் குழுவில், ஒவ்வொரு வாரமும் தனித்தனி ஆட்டமாக முடிந்துபோவது எனக்கு நெடுநாள் குறையாகவே இருந்தது. ஓர் ஆட்டத்தின் வெற்றியும் இழப்பும் அடுத்த ஆட்டத்தில் தொடர வேண்டும் என்ற ஆசையில் முதல் கேம்பெயினை, அதாவது பல சுற்றுகளாகத் தொடரும் போரை, தொடங்கினேன். ஒரு வரைபடத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஆறு பேருக்கு ஆறு மாகாணங்களைக் கொடுத்தேன். வென்றவர் கட்டத்தைப் பிடிப்பார். பிடித்த கட்டங்களுக்கு ஏற்ப அவருடைய படைக்குப் புள்ளிகள் கூடும். தோற்றவர் இழந்த பிரிவுகள் திரும்பி வரமாட்டா. விதிகள் எளியவையாக இருந்ததால் அனைவரும் உடனே ஒப்புக்கொண்டனர். நான்காம் சுற்றில் கேம்பெயின் நின்றுபோனது. எவரும் சண்டையிட்டுக்கொண்டு வெளியேறவில்லை. தொடர்ந்து தோற்ற இருவர் ஒரு முறை வரவில்லை, மறுமுறையும் வரவில்லை, அவர்களோடு மோத வேண்டியவர்கள் எதிராளி இல்லாமல் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களுடைய ஆர்வக் குறைவுதான் காரணம் என்று சில நாள் எண்ணியிருந்தேன். அது தவறான எண்ணம். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916இல் நூலாக வெளியிட்ட கணக்கைப் படித்த பிறகே, பிழை என் விதிகளில் இருந்தது புரிந்தது. இரு படைகளும் குறிபார்த்துச் சுடும் சண்டையில், சம திறமை இருந்தாலும், வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து அமைகிறது என்பது அவர் கண்டது. நான்கு பிரிவுகள் மூன்று பிரிவுகளை இறுதிவரை எதிர்த்தால், மூன்றும் அழியும்போது நான்கில் ஏறக்குறைய 2.6 பிரிவுகள் மிஞ்சும். சிறிய முன்னிலை ஒரே சண்டையில் பெரிய முன்னிலையாகிவிடுகிறது. அதற்கு மேல் நான் வெற்றியாளருக்குப் புள்ளிகளையும் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட்ட ஒரு போரை எட்டுச் சுற்று விளையாட வாருங்கள் என்று நண்பர்களை அழைத்திருந்தேன்.

இரண்டாவது கேம்பெயினுக்கு இரண்டு விதிகளை மாற்றினேன். முதலாவது, அழிந்ததாக மேசையிலிருந்து எடுக்கப்படும் பிரிவுகளில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த சுற்றில் உரியவரிடம் திரும்பும். போர்க்களத்தில் ஒரு பிரிவு கலைகிறது என்றால் அதிலுள்ள அனைவரும் மாண்டுவிட்டதாகப் பொருளில்லை; சிதறியவர்கள் கொடியைத் தேடி வந்து சேர்வார்கள். இரண்டாவது விதி, முன்னேறுபவருக்கானது. 1812இல் நெப்போலியனின் படை ரஷ்யாவுக்குள் சென்றதைப் பற்றி பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் மினார் 1869இல் வரைந்த புகழ்பெற்ற படத்தில், படையின் அளவை அகலத்தால் காட்டும் ஒரு பட்டை, நேமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேருக்கு உரிய அகலத்தில் தொடங்கி, மாஸ்கோவை அடையும்போது 1,00,000 பேருக்கு உரியதாக மெலிந்திருக்கும். பெரும் தோல்வி எதையும் சந்திக்காமலேயே ஒரு படை நடந்து நடந்து கரைவதை அந்த ஒரு படம் காட்டிவிடுகிறது. ஆகவே, கிடங்கிலிருந்து மூன்று கட்டங்களுக்கு அப்பால் செல்லும் படை, கூடுதலான ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஒரு பிரிவை இழக்கும் என்று வைத்தேன். துரத்துபவர் மெலிவார், பின்வாங்குபவர் தன் கிடங்கை நெருங்குவார்.

இந்த விதிகளின் பயனை நான் கண்ணால் கண்டது மூன்றாம் சுற்றில். இரண்டு சண்டைகளில் அடுத்தடுத்துத் தோற்ற ஒருவரிடம் ஒன்பது பிரிவுகளே எஞ்சியிருந்தன. அவரைத் துரத்தி வந்தவரிடம் இருபது. வழக்கமான ஆட்டமாக வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். தோற்றவருடைய கூட்டாளியின் பெரும்படை ஆற்றுக்குப் பின்னால் அரண் அமைத்துக்கொண்டிருந்ததால், அந்தச் சண்டையின் கேள்வியையே மாற்றினேன்: ஆறு நகர்வுகள் முடிவதற்குள் துரத்துபவர் நான்கு பிரிவுகளைப் பாலத்தின் மறுகரையில் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் கூட்டாளிக்கு இரண்டு நாள் கிடைக்கும். ஒன்பது பிரிவுகளோடு நின்றவர் பீரங்கிகளை மறுகரையிலும் காலாட்படையைப் பாலத்தருகே இருந்த ஆலைக் கட்டடத்திலும் வைத்தார். ஐந்தாம் நகர்வில் ஆலையில் இருந்த கடைசிப் பிரிவு நிலைகொள்ள, இரண்டு பகடைகளில் எட்டோ அதற்கு மேலோ விழ வேண்டியிருந்தது. முப்பத்தாறில் பதினைந்து வாய்ப்புகளே அதற்கு உண்டு. ஒன்பது விழுந்தது. ஆறாம் நகர்வில் அந்தப் பிரிவும் அழிந்தது, ஆனால் பாலத்தைக் கடந்தவை மூன்று பிரிவுகள்தான். தன் படை முழுவதையும் இழந்த அந்த மனிதர், எல்லோரும் கிளம்பிய பிறகும் வரைபடத்தின் முன் நின்று, தான் வாங்கிக் கொடுத்த இரண்டு நாளில் கூட்டாளி என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பிரிவுகள் திரும்பக் கிடைத்தன. இறுதிச் சுற்றுவரை ஒரு முறைகூட வராமல் இருக்கவில்லை.

நடுவராக நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். 1824இல் பிரஷ்யப் படையில் அறிமுகமான கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் வீரர்கள் கட்டளைகளை எழுதிக் கொடுப்பார்கள். எவர் கண்ணுக்கு எது தெரியும் என்பதை நடுவரே தீர்மானிப்பார். அந்த முறையைப் பின்பற்றி முழு வரைபடத்தையும் நான் மட்டும் வைத்திருந்தேன். ஐந்தாம் சுற்றில் ஒரு குதிரைப்படையை ஒரு கட்டம் தள்ளிக் குறித்துவிட்டேன். பக்கவாட்டில் எவருமில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததை நம்பி ஒருவர் தாக்கினார், தோற்றார். சாரணர் தவறான செய்தி கொண்டுவந்தார் என்று எளிதாக மறைத்திருக்கலாம், எவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நடுவரை நம்பித்தான் அந்த வரைபடமே உயிரோடு இருக்கிறது. இருவரிடமும் நேரில் சொன்னேன். சண்டையின் முடிவை மாற்ற வேண்டாம், இழப்பைப் பாதியாக்கினால் போதும் என்று வென்றவரே முன்வந்து கூறினார். அன்றுமுதல் ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் பின்னும் வரைபடத்தைப் படம் எடுத்து வைக்கிறேன்.

இரண்டாம் உறுப்பினர்:

எங்கள் குழுவில் நடுவராக இருக்க எவரும் முன்வரவில்லை. எல்லோரும் விளையாட வந்தவர்கள். ஆகவே, கட்டளைகளை உறையில் இட்டு ஒட்டி, அனைவரும் கூடியதும் ஒரே நேரத்தில் பிரித்தோம். திட்டங்களை மறைப்பது ஓரளவுக்கே முடிந்தது என்றாலும் அதுவே போதுமானதாக இருந்தது. ஒருமுறை கூட்டாளிகள் இருவர், கலந்து பேசாமல், ஒரே சாலையில் ஒரே நாளில் தங்கள் படைகளை அனுப்பியிருந்தனர். சாலை அடைபட்டு இருவரும் நின்றுவிட, எதிரி அந்த ஒரு நாளில் கோட்டைக்குள் புகுந்துவிட்டார். அதன் பிறகு அந்த இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் எங்கள் ஆட்டத்தின் சிறந்த பகுதி என்றே நான் கருதுகிறேன்.

வராதவர்களின் சிக்கலை நாங்கள் வேறு விதமாகத் தீர்த்தோம். வர இயலாதவர் ஐந்து வரிகளில் தன் நோக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும்; கேம்பெயினில் இல்லாத வேறோர் உறுப்பினர் அவருடைய தளபதியாக அந்த வரிகளுக்கு உட்பட்டு விளையாடுவார். அப்படித் தளபதியாக வந்த இருவர் அடுத்த கேம்பெயினில் தமக்கென மாகாணம் கேட்டனர்.

மூன்றாம் உறுப்பினர்:

நான் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். முடியும் நாளைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஒருவர் அனைத்தையும் பிடிக்கும்வரை ஆடுவது என்று நாங்கள் தொடங்கிய கேம்பெயின்கள் எவையும் முடியவில்லை. எட்டுச் சுற்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் பதினாறு வாரம் என்று அறிவித்தது மட்டுமே முடிந்தது. கடைசிச் சுற்றில் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எஞ்சியிருந்த படைகள் அனைத்தையும் ஒரே களத்தில் இறக்கினோம். நான்கே பிரிவுகளோடு வந்தவருக்கும் அங்கே காக்க ஒரு குன்று இருந்தது.