அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு: அனுபவப் பகிர்வு

தென்மராட்சியார்:
தொண்ணூறு வயதுவரை வாழ்ந்த ஒரு தாயின் கல்வெட்டை, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு புத்தகத்தை, திறந்தால் பெரும்பாலும் என்ன இருக்கிறது? இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இத்தனை பிள்ளைகளின் தாய். பிறகு தேவாரம், சிவபுராணம், புலம்பல், நன்றி நவிலல். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தாலும் அந்த மனுசி யார் என்று தெரியவராது. ஆறு பக்கமாவது அவருடைய சொந்த வாழ்க்கைக்கு ஒதுக்குங்கள்.

31 நாள் இருக்கிறதுபோலத் தோன்றும். அச்சுக்குப் போகும் நாளைக் கழித்தால் கையில் மிஞ்சுவது மூன்று கிழமைதான். உறவெல்லாம் கூடும் எட்டுச்செலவு (எட்டாம் நாள் சடங்கு) நாளைத் தகவல் திரட்டப் பயன்படுத்துங்கள். உடன்பிறந்தவர்களில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள். தாயின் கலியாணத்துக்கு முந்திய காலம் பிள்ளைகளுக்குத் தெரியாது. "எந்த வருசம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் பிழைக்கும். "புயலுக்கு முன்னமா, பின்னமா?" என்று கேளுங்கள். அது 1964 டிசெம்பர். 1958 கலவரம், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1987 வடமராட்சிச் சண்டை, 1995 ஒக்ரோபர் 30 வலிகாம இடப்பெயர்வு, இவற்றைக் கொண்டு கேட்டால் வீடு கட்டினது, பிள்ளை பிறந்தது எல்லாம் தானாக வரிசைக்கு வரும். ஒருவர் சொன்ன ஆண்டை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்:
அண்ணை சொன்னதோடு திதியையும் சேர்க்கிறேன். வெளிநாட்டில் மறைந்தவர்களுக்கு இதுதான் அதிகம் பிழைக்கிறது. திதி சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது, 12 பாகைக்கு ஒரு திதி. ஆகவே உலகம் முழுவதும் ஒரே கணத்தில்தான் மாறும். ஒரு திதி ஏறக்குறைய 19 முதல் 26 மணித்தியாலம் வரை நிற்கும். ரொறன்ரோவில் ஜூலை மாதம் இரவு 9 மணிக்கு உயிர் பிரிந்தால் இலங்கையில் அடுத்த நாள் காலை 6.30. யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தைக் கனடாத் திகதிக்கு விரித்துப் பார்த்தால் ஒரு திதி பின்தங்கிவிடக்கூடும். குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம் என்பதையும் மறக்க வேண்டாம். வாக்கியமா திருக்கணிதமா, எந்தக் கணிப்புமுறைப் பஞ்சாங்கம் என்பதைக் குடும்பம் முதலே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையில் சில மணித்தியாலம் வேறுபடும்.

தமிழ் ஆண்டும் அப்படித்தான். 2024 மார்ச்சில் மறைந்தவருக்கு ஆண்டு சோபகிருது. ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகுதான் குரோதி. கல்வெட்டில் அச்சான திதியை வைத்துத்தான் பேரப்பிள்ளைகள் திவசம் செய்யப்போகிறார்கள். அதனால் இதில் அவசரம் கூடாது.

வெண்பா எழுதுபவர்:
இறந்த திதியைப் பாட்டில் சொல்லும் திதி வெண்பா கேட்டு வருபவர்கள் ஆண்டு, மாதம், பூர்வபட்சமா (வளர்பிறை) அபரபட்சமா (தேய்பிறை), திதி, பெயர் ஆகிய ஐந்தையும் ஒன்றாகத் தாருங்கள். பிறகு ஒன்றை மாற்றச் சொன்னால் முழுப் பாட்டும் குலையும். "குரோதி ஆண்டில்" என்று பிரித்து வைத்தால் மாமுன் நேர் வந்து தளை தட்டும், சீர்கள் வெண்பா முறைப்படி இணையாது. "குரோதி வருடம்" என்றால் சரி. சோபகிருது முழுதும் ஒரே சீராக நின்றால் கூவிளங்கனி ஆகிவிடும், வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. அதனால் சொல்லை உடைத்து அடுத்த சீருக்குக் கொண்டுபோவோம். அதை எழுத்துப்பிழை என்று நினைத்துச் சேர்த்துவிட வேண்டாம், தம்பிமாரே.

சமையல்கட்டிலிருந்து:
அவரின் கைப்பக்குவத்துக்கு ஒரு பக்கம் கட்டாயம். "அம்மம்மாவின் கூழ் அமிர்தம்" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அவர் பாவித்த பேணியை (குவளையை) எடுத்துத் தண்ணீர் நிரப்பி, எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து எழுதுங்கள். ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கு மா) எவ்வளவு நேரம் ஊறவிட்டார், மேல்தண்ணீரை எத்தனை தரம் வடித்தார் என்று அவரோடு அடுப்படியில் நின்ற மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். தண்ணீர் வடிக்காத மா கைக்கும், கூழே கெட்டுப்போகும். பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், மீன், நண்டு எந்த வரிசையில் போனது, மாவைக் கரைத்து விட்டது எந்தக் கட்டத்தில் என்பதும் வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்தினவர் என்றால் ஜாம் போத்தல் விளக்கு, பனங்காயில் உடுப்புத் தோய்த்தது, எது இல்லாமல் எதைச் சமைத்தார் என்பதெல்லாம் வரலாறு. அதைப் பெண்கள்தான் முழுதாகச் சொல்வார்கள்.

அச்சுக்கூடத்தார்:
பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் 30 பக்கம் என்று ஒன்று கிடையாது, 28 அல்லது 32. படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். 4 அங்குல அகலப் படத்துக்குக் குறைந்தது 1200 புள்ளி (பிக்சல்) வேண்டும். பழைய படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் உரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கான் செய்யலாம்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோட்டுக்கு மாற்றும்போது இடையில் ஆங்கில எழுத்து இருந்தால் அது தமிழ் எழுத்தாக உருமாறும். மின்னஞ்சல் முகவரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வம்சாவளிப் பக்கத்தை வீட்டுக்கு ஒருவராவது பார்த்துக் கையெழுத்திட்டுத் தந்தால் நல்லது. விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே ஆட்கள்: சிறு வயதில் இறந்த பிள்ளை, தொடர்பு விட்டுப்போன மகனின் குடும்பம், கடைசியாகப் பிறந்த பூட்டப்பிள்ளை. இறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் வற்புறுத்துவேன். அந்தத் தாய் அதையும் பெற்றவர்தானே.

தென்மராட்சியார்:
ஒன்று விட்டுப்போச்சு. அச்சான பிறகு ஒரு பிரதியையும் பீடிஎஃப் கோப்பையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இயங்கும் அந்த எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் சேர்கின்றன. இணையத்துக்குப் போகும் பிரதியில் உயிரோடு இருப்பவர்களின் முகவரி, தொலைபேசி எண், பிறந்த திகதி மூன்றையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.