அப்பாவின் விண்டேஜ் காரை நன்கொடையாகக் கொடுப்பது எப்படி? அவசரம்

ஈசூன்_குமரன் | செவ்வாய், இரவு 11.48
வணக்கம். அப்பா வைத்திருந்த பழைய இத்தாலியக் காரை இங்கே சிங்கப்பூரில் ஏதாவது ஓர் அறநிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். யாரிடம் கொடுப்பது? வரிக்கழிவு கிடைக்குமா? இரண்டு இடங்களுக்குப் போன் போட்டேன், கார் எல்லாம் வாங்குவதில்லை என்றுவிட்டார்கள். கார் நிற்கும் இடத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஸ்டார்ட் வேறு ஆகவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சின்மிங்_செல்வம் | செவ்வாய், இரவு 11.59
தம்பி, இத்தாலியக் கார் என்றால் எது? ஃபியட் 500 இத்தாலிதான், ஃபெராரியும் இத்தாலிதான். மாடல், வருடம், எத்தனை நாளாக நிற்கிறது, சாவி போட்டால் என்ன சத்தம் வருகிறது? இது ஒன்றும் தெரியாமல் ஜோசியமா சொல்வது?

நியூஜெர்சி_ரவி | புதன், காலை 12.20
ரொம்ப சுலபம். ஒரு போன் போட்டால் இலவசமாக லாரி அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். ஓடாத காரானாலும் பரவாயில்லை. பிறகு 1098-சி என்று ஒரு படிவம் வரும், அதை வரிக்கணக்கோடு சேர்த்துவிட வேண்டியதுதான். என் பழைய கேம்ரியை அப்படித்தான் கொடுத்தேன்.

கணக்கு_அக்கா | புதன், காலை 7.05
ரவி, நீங்கள் சொல்வது அமெரிக்காவில். அங்கேயும் 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அமைப்பு அந்தக் காரை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் பொதுவாகக் கணக்கு. இங்கே அந்த வழியே கிடையாது. 250 சதவீத வரிக்கழிவு என்பது ஐபிசி, அதாவது பொதுநல அமைப்பு என்ற தகுதி உள்ள அமைப்புக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்கு. ரொக்கம் இல்லையென்றால் பங்குகள், கணினிகள், நிலம் கட்டடம், அங்கீகரிக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குத் தரும் கலைப்பொருள் என்று வரித்துறையான ஐராஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் கார் இல்லை. காரைக் காராகவே கொடுத்தால் புண்ணியம் உண்டு, கழிவு இல்லை.

குமரன், கார் யார் பெயரில் இருக்கிறது? "வைத்திருந்த" என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் கேட்கிறேன்.

டபுள்_வெபர் | புதன், காலை 8.31
இந்தக் கேள்வி இங்கே வருடத்துக்கு நான்கு தடவை வருகிறது. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்த்தால் கை தேய்ந்துவிடாது.
தலைப்பே தப்பு. காரைப் பதிவு செய்யும் நிலப் போக்குவரத்து ஆணையம் எல்டிஏவின் கணக்கில் விண்டேஜ் என்றால் 1940-க்கு முன் தயாரித்தது. 35 வயது தாண்டியது கிளாசிக். உங்கள் அப்பா 1930-களின் அல்ஃபா வைத்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈசூன்_குமரன் | புதன், மதியம் 1.14
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி, 1973. பச்சை. கிளாசிக் திட்டத்தில் பதிவு. ரோடு டாக்ஸ் மார்ச்சோடு முடிந்துவிட்டது. அப்பா தவறிப் பத்து மாதம் ஆகிறது, அதற்கு முன்பே இரண்டு வருடமாக எடுக்கவில்லை. சாவி போட்டால் விளக்கு எரியும், மற்றபடி ஒன்றும் இல்லை. நானும் அண்ணனும் பேசி முடிவு செய்துவிட்டோம், அண்ணன் பெர்த்தில் இருக்கிறார்.

சின்மிங்_செல்வம் | புதன், மதியம் 1.40
ஐயோ தம்பி, 2000 ஜிடிவியையா "பழைய இத்தாலியக் கார்" என்று எழுதினீர்கள்! அதைச் சும்மா கொடுப்பார்களா?
தயவுசெய்து பேட்டரியை மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். மூன்று வருடப் பெட்ரோல் கெட்டுப்போய்க் கார்பரேட்டர் ஜெட்டில் பசை மாதிரி உட்கார்ந்திருக்கும். டேங்கைக் காலி செய்யுங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, என்ஜினைக் கையால் சுற்ற வைத்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும், பிரேக்கும் பிடித்திருக்கும். இழுத்துப் போகும் லாரி வேண்டாம், மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரியாகச் சொல்லுங்கள்.
என்ஜினில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். 00512 என்று ஆரம்பித்தால் 2000-க்கு உரிய என்ஜின். பிற்பாடு மாற்றியிருந்தால் விலை இறங்கும்.

தேக்கா_பையன் | புதன், மதியம் 2.02
பேட்டரிதான் அண்ணே. என்னுடைய ஹோண்டாவும் இப்படித்தான் விளக்கு மட்டும் எரிந்தது.

சின்மிங்_செல்வம் | புதன், மதியம் 2.10
பேட்டரியாகவே இருக்கட்டும். அதை மாற்றிச் சாவியைத் திருப்பினால் அப்புறம் என்ன ஆகும் என்றுதான் சொல்கிறேன்.

டபுள்_வெபர் | புதன், மாலை 6.45
ஜிடிவி என்று வாலில் எழுதிவிட்டால் கிராண்ட் டூரர் (ஜிடி) ஆகிவிடாது. நான்கு சிலிண்டர், 1962 சிசி. அது நல்ல ஸ்போர்ட்ஸ் கூப்பே. ஜிடி என்றால் பெரிய என்ஜின், நீண்ட தூரம், சுகமான சவாரி. மசெராட்டி 3500 ஜிடியை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

லான்சியா_லிங்கம் | புதன், இரவு 8.20
அப்படியானால் 1951-இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 என்ன? கிராண்ட் டூரர் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். அதன் வி6 என்ஜின் இரண்டு லிட்டரைக்கூட எட்டவில்லை. அதே வருடம் இத்தாலியின் மிலே மிலியா சாலைப் பந்தயத்தில் ஃபெராரிக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. சிலிண்டரை எண்ணி ஜிடி பட்டம் கொடுப்பது யார் போட்ட சட்டம்?

டபுள்_வெபர் | புதன், இரவு 8.34
வி6 என்ஜினையும் வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள என்ஜினையும் ஒன்றாக வைப்பவரோடு விவாதிக்க ஒன்றும் இல்லை.

லான்சியா_லிங்கம் | புதன், இரவு 8.36
விவாதிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லவும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டீர்களே.

தாம்சன்_தாத்தா | புதன், இரவு 9.15
சண்டை போடாதீர்கள். 1973 என்றதும் எனக்கு அப்பர் தாம்சன் ரோடு ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம்தான் அங்கே கடைசி கிராண்ட் பிரி. சாதாரண ரோட்டையே அடைத்துவிட்டுப் பந்தயம் விடுவார்கள், நாங்கள் புல்தரையில் குடையோடு உட்கார்ந்திருப்போம். அல்ஃபா ஒன்று வளைவில் திரும்பும்போது வரும் சத்தத்துக்காகவே பள்ளிக்கு மட்டம் போட்டவன் நான். இப்போது அதே ரோட்டில் பஸ்ஸில் போகிறேன்.

கணக்கு_அக்கா | புதன், இரவு 10.02
தாத்தா, அழகு. ஆனால் குமரனின் விஷயம் அப்படியே நிற்கிறது.

குமரன், அப்பா உயில் எழுதியிருந்தாரா? இருந்தால் புரோபேட், இல்லையென்றால் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது அப்பாவின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் பத்திரம் வாங்காமல் காரை யார் பெயருக்கும் மாற்ற முடியாது. விற்கவும் முடியாது, தானம் செய்யவும் முடியாது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், என்ஜின் அப்புறம். ரோடு டாக்ஸ் முடிந்ததையும் அப்படியே விடாதீர்கள், அப்பா இறந்ததைச் சொல்லி எல்டிஏவிடம் கேளுங்கள்.

ஈசூன்_குமரன் | வியாழன், காலை 9.50
உயில் இல்லை. நானும் அண்ணனும் மட்டும்தான் பிள்ளைகள், இரண்டு பேருக்கும் சம்மதம். அது போதாதா?

கணக்கு_அக்கா | வியாழன், காலை 10.12
அம்மா இருக்கிறார்களா?

ஈசூன்_குமரன் | வியாழன், காலை 10.15
இருக்கிறார்கள். அம்மாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் கேட்கவில்லை.

கணக்கு_அக்கா | வியாழன், காலை 10.31
உயில் இல்லாமல் போனால் இங்கே சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பமென்றால் கணக்கு வேறு. உங்கள் வீட்டில் அந்தக் காரின் பாதி அம்மாவுடையது, உங்களுக்குக் கால், அண்ணனுக்குக் கால். கால் பங்குக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து, பாதிப் பங்குக்காரரைக் கேட்காமல் தானம் செய்யப் போகிறீர்கள்!

அம்மா சரி என்றால் நான் சொல்லும் வழி இது. பத்திரம் கிடைத்ததும் காரை விற்றுப் பணத்தைப் பங்கு பிரியுங்கள். அப்புறம் கொடுக்க நினைப்பவர்கள் அவரவர் பெயரில் ரொக்கமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணையும் கொடுத்தால் கழிவு தானாக வரிக்கணக்கில் ஏறிவிடும். 10,000 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 25,000 வெள்ளி கழியும், மிச்சத்தை 5 வருடம் வரை கொண்டுபோகலாம். இந்த 250 சதவீதத்துக்கு முடிவுத் தேதி உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் விற்ற லாபத்துக்கு வரி வருமா என்று பயப்பட வேண்டாம், குடும்பக் காரை விற்பதற்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை.

நியூஜெர்சி_ரவி | வியாழன், காலை 10.58
அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால்? அக்காவே பட்டியலில் சொன்னீர்களே.

கணக்கு_அக்கா | வியாழன், காலை 11.06
அங்கீகரிக்கப்பட்ட அருங்காட்சியகம் அதைக் கலைப்பொருளாக ஏற்றுக்கொண்டால் பேசலாம். இங்கே சாலையில் ஓடிய இன்னொரு காரை அவர்கள் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்?

சின்மிங்_செல்வம் | வியாழன், காலை 11.30
விற்பதென்றால் முதலில் கதவுக்குக் கீழே உள்ள சில், தரை, பின் சக்கரத்துக்குப் பின்னால், இந்த மூன்று இடங்களிலும் துரு பாருங்கள். இத்தாலியில் அரேஸே என்ற ஊரில் அல்ஃபாவின் ஆவண மையம் இருக்கிறது, சேஸ் எண்ணைக் கொடுத்தால் எந்தத் தேதியில் தயாரானது, அசல் நிறம் என்ன என்று சான்று தருவார்கள். உங்கள் பச்சை தொழிற்சாலைப் பச்சையா என்று தெரிந்துவிடும்.

டபுள்_வெபர் | வியாழன், மதியம் 12.44
பெர்டோனே வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த வடிவம் அது. 1963-இல் முதல் கார் வெளிவந்தபோது அவருக்கு 25 வயது. விற்பதானால் இது என்னவென்று தெரிந்தவரிடம் விற்கவும்.

லான்சியா_லிங்கம் | வியாழன், மதியம் 12.50
ஓ, இப்போது மட்டும் அது பெரிய கார் ஆகிவிட்டதா?

(மூன்று வாரம் கழித்து)

ஈசூன்_குமரன் | ஞாயிறு, இரவு 10.22
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பேசினோம். காரைப் பற்றி எங்களைவிட அவர்களுக்குத்தான் நிறையத் தெரிந்திருக்கிறது. விற்கலாம், ஆனால் பணம் எங்கே போக வேண்டும் என்று தான்தான் சொல்வேன் என்றுவிட்டார்கள். வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். காரை லாரியில் ஏற்றி மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். எண் 00512தான்.

சின்மிங்_செல்வம் | ஞாயிறு, இரவு 10.25
நல்லது தம்பி! பிரேக் பிடித்திருந்ததா? சில் எப்படி இருக்கிறது? படம் போடுங்கள்.

தேக்கா_பையன் | திங்கள், காலை 8.10
பேட்டரி மாற்றினீர்களா?

தாம்சன்_தாத்தா | புதன், மாலை 5.37
குமரன், விற்பதற்கு முன் ஸ்டார்ட் ஆனால் சத்தத்தை மட்டும் பதிவு செய்து இங்கே போடுங்கள்.