.300 வின்செஸ்டர் மேக்னம்: பெல்ட்டுக்கு மேலே பளபளக்கும் வளையம் தோன்றுவது ஏன்?

கேள்வி

வணக்கம். .300 வின்செஸ்டர் மேக்னம் வேட்டை ரைஃபிளுக்கான தோட்டாக்களை நானே நிரப்பி வருகிறேன். புதிய பித்தளைக் கூடுகள் முதல் முறை சுட்டபோது எந்தக் குறையும் காட்டவில்லை. ஆனால் ஓரிரு முறை மறுபடி நிரப்பிச் சுட்ட கூடுகளில், அடியிலுள்ள பெல்ட்டுக்கு (கூட்டைச் சுற்றியுள்ள தடித்த பட்டைக்கு) சற்று மேலே, கூட்டைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கோடு தெரிகிறது. ஒரு கூட்டில் அந்தக் கோட்டின் மேலேயே மயிரிழை போன்ற விரிசலும் உள்ளது. வெடிமருந்தின் அளவு கையேட்டிலுள்ள தொடக்க அளவை ஒட்டியே இருக்கிறது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகவில்லை, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டும் எளிதாகத் திறக்கிறது. கூட்டின் நீளம் 2.620 அங்குலம் என்ற உச்ச வரம்பைத் தாண்டாதபடி வெட்டிச் சீராக்குகிறேன். சுட்ட கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முழு நீள டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, பிறகு சிறிது கூடுதலாகத் திருகி வைத்திருக்கிறேன். மருந்தை இன்னும் குறைத்தால் இது நிற்குமா?

மறுமொழி 1

முதலில், விரிசல் கண்ட கூடு எந்தத் தொகுதியைச் சேர்ந்ததோ, அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கி வையுங்கள். அதில் ஏற்கெனவே நிரப்பிய தோட்டாக்கள் இருந்தால் அவற்றையும் சுட வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மிகை அழுத்தத்தைக் காட்டவில்லை. கூடு ஒவ்வொரு முறையும் நீட்டப்பட்டு, அதே இடத்தில் மெலிந்து வருகிறது. இதன் வேர் பெல்ட்டில் இருக்கிறது. 1912-இல் வந்த .375 ஹாலண்ட் & ஹாலண்ட் மேக்னத்தின் தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) மிகவும் சரிவானது என்பதால், தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை நிறுத்திவைக்க அடியில் பெல்ட் தேவைப்பட்டது. 1963-இல் வந்த உங்கள் தோட்டாவின் தோள் 25 பாகைக் கோணமுடையது. அது தானாகவே தோட்டாவை நிறுத்தக்கூடியது. ஆயினும் பெல்ட் தொடர்ந்தது, ஹெட்ஸ்பேஸ் அளவும் (போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டாவை நிறுத்தும் இடம் வரையுள்ள தூரம்) பெல்ட்டை வைத்தே குறிக்கப்படுகிறது. அதனால் பல ரைஃபிள்களில் பெல்ட் அமரும் பகுதி துல்லியமாகக் கடையப்பட்டிருக்கும். தோளுக்கு முன்னாலோ தாராளமான இடைவெளி விடப்பட்டிருக்கும்.

சுடும்போது கூட்டின் மெல்லிய சுவர் அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள, தோள் முன்னால் ஊதிச் சென்று அந்த இடைவெளியை நிரப்புகிறது. கனமான அடிப்பகுதி போல்ட்டின் முகத்தை நோக்கிப் பின்னால் தள்ளப்படுகிறது. கனம் குறையத் தொடங்கும் இடமான பெல்ட்டின் மேல்பகுதி இவற்றுக்கிடையே இழுபடுகிறது. பிறகு உங்கள் டை தோளைப் பழைய இடத்துக்கே தள்ளுகிறது, அடுத்த சுடுதல் மறுபடியும் அதை நீட்டுகிறது. மருந்தைக் குறைப்பது இந்தச் சுழற்சியை நிறுத்தாது. இந்த வகைத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு; அதற்கு வெகுவாகக் குறைந்த அழுத்தமே பித்தளையை நீட்டப் போதுமானது.

வெளியே தெரியும் கோட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது, ஏனெனில் டையின் வாய் நின்ற இடத்திலும் ஒரு கோடு விழும். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூராக்கி, கூட்டின் உள்ளே அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரை உரசியபடி இழுத்துப் பாருங்கள். பெல்ட்டுக்கு மேலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு கழிக்கப்பட வேண்டியதே. ஐயம் இருந்தால் ஒரு கூட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்துவிடலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். டையைச் சரிசெய்யும் முறையை மட்டும் சேர்க்கிறேன். டையை மேலே ஏற்றி, உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள் வரையுள்ள நீளத்தை, வெர்னியர் காலிபரில் பொருத்தும் அளவியால் அளவிடுங்கள். தோள் ஏறத்தாழ 0.002 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னால் செல்லும்வரை டையைச் சிறிது சிறிதாக இறக்கி, பூட்டு வளையத்தை இறுக்குங்கள். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (பிரைமரைத் தட்டும் ஊசி) எஜெக்டரையும் (கூட்டை வெளியே தள்ளும் பகுதி) கழற்றிவிட்டு வெற்றுக் கூட்டை அறையில் வைத்து மூடினால், கைக்குத் தெரியும் உணர்வே போதிய சான்றாகும். கழுத்தின் உட்புறத்துக்கும் சிறிது மசகு இடுங்கள்; வறண்ட கழுத்தின் வழியே டையிலுள்ள விரிவாக்கும் உருண்டை வெளியேறும்போது தோளை முன்னால் இழுத்து, அளவைக் கெடுத்துவிடும்.

இப்படி அமைத்த கூடுகள் அந்த ஒரு ரைஃபிளுக்கே உரியவை.

கேட்டவர்

அளவியை வாங்கிப் பார்த்தேன். என் டை தோளை 0.018 அங்குலம் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. புதிய கூடுகளை 0.002 அளவுக்கு அமைத்தபின் பெரும்பாலானவை நன்றாக அமர்கின்றன. ஆனால் சில கூடுகளுக்குத் தோளின் அளவு சரியாக இருந்தும் போல்ட் கடினமாக மூடுகிறது. டையை இன்னும் இறக்க வேண்டுமா?

மறுமொழி 1

இறக்க வேண்டாம், இறக்கினால் பழைய குறையே திரும்ப வரும். கூட்டின் மேல் கறுப்பு மை பூசி அறையில் வைத்து மூடித் திறந்தால், எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் பெல்ட்டுக்கு உடனடியாக மேலே மை தேய்ந்திருக்கும். அங்கே ஏற்படும் வீக்கத்தை வழக்கமான முழு நீள டை எட்டிச் சுருக்குவதில்லை. அந்தப் பகுதிக்கென்றே கோலெட் வகை டை கிடைக்கிறது, அது வீக்கத்தை மட்டும் அமுக்கித் தோளைத் தொடாமல் விட்டுவிடும். கழுத்தின் அருகே மை தேய்ந்திருந்தால் மட்டுமே நீளத்தையும் கழுத்தின் கனத்தையும் மறுபடி பாருங்கள்.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொழிற்சாலையில் நிரப்பிய புதிய தோட்டாவே முதல் சுடுதலில் இப்படி வளையம் காட்டினால், குறை டையில் இல்லை. துப்பாக்கித் தொழில் வல்லுநரிடம் கொடுத்து, கோ, நோ-கோ அளவிகளால் (குறைந்த, மிகுந்த வரம்புகளைக் காட்டும் அளவிகள்) ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸைச் சோதிக்கச் செய்யுங்கள். கூடு இரண்டாகப் பிரிந்தால் சூடான வாயு பின்னோக்கி வரக்கூடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம். வெளியே வந்த கூடு வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தால் அதன் முன்பாதி அறையிலேயே சிக்கியுள்ளது. அடுத்த தோட்டாவை வலுக்கட்டாயமாகத் திணிக்காமல், அதை எடுப்பதற்கான கருவியைக் கொண்டு அகற்றிய பின்னரே ரைஃபிளை மீண்டும் பயன்படுத்துங்கள்.