பத்தாம் வகுப்பு மகள் இன்ஸ்டாகிராம் கேட்கிறாள்: சம்மதிக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு, ஒரு தாய்

வணக்கம். பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு 15 வயது. கொரோனாக் காலத்தில் வகுப்புக்காக வாங்கிய செல்போனில் கணக்குப் பாடமும் மருதாணி போடுவதும் கற்றுக்கொண்டவள், வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது என்று சொல்லி இப்போது இன்ஸ்டாகிராம் கேட்கிறாள். வயதுக்கு வந்த பெண்ணிடம் போனைக் கொடுத்தால் பேர் கெட்டுவிடும் என்று மாமியாரும் என் அண்ணனும் தடுக்கிறார்கள். முற்றிலும் மறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சரியென்று சொல்லும் அளவுக்கு விவரமும் தெரியவில்லை. இதில் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன நன்மை, நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில் 1: காவேரிப்பட்டணம், ஆசிரியர்

அம்மா, நன்மையைக் குறைத்துச் சொல்லிவிடக்கூடாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகவிருக்கும் பிள்ளைக்கு, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுக்க வேண்டும், பொறியியல் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்று எடுத்துச்சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. தன்னைப் போன்ற ஊரிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போன ஓர் அக்கா போடும் காணொளி அந்த இடத்தை நிரப்புகிறது. வகுப்பில் வாய் திறக்காத சில மாணவிகள் தாங்கள் வரைந்த படங்களை அங்கே துணிந்து வெளியிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கவலைக்குரியது அந்தச் செயலி இயங்கும் விதம். பிள்ளை எதைத் தேடுகிறது என்பதை மட்டுமல்லாமல், எந்தக் காணொளியில் கூடுதலாகச் சில விநாடி நிற்கிறது என்பதையும் கணித்து, அதையே மேலும் மேலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. உடல் இளைப்பது, நிறம் கூட்டுவது பற்றி ஒன்றைப் பார்த்த பெண்ணுக்கு அடுத்த வாரம் முழுக்க அதுவே வருகிறது. சாதிப் பெருமை பேசும் ரீல்ஸை ஒருமுறை நின்று பார்த்த பையனுக்கும் அப்படித்தான். (பெண்பிள்ளைகளின் போனைப் பற்றி இவ்வளவு பேசும் நம் வீடுகளில், பையன்கள் இரவு இரண்டு மணிவரை என்ன பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.) நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இரு மடங்காக இருப்பதாக, அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஊடகம்தான் காரணமா, ஏற்கெனவே வாடியிருக்கும் பிள்ளைகள் அதில் கூடுதல் நேரம் இருக்கிறார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முதலில் பறிபோவது தூக்கம் என்பதை, காலை முதல் பாடவேளையில் நானே தினமும் காண்கிறேன்.

பதில் 2: ஓசூர், மென்பொருள் பணியாளர்

நடைமுறையைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் சேரக் குறைந்தபட்ச வயது 13. வளரிளம் பருவத்தினருக்கான தனிவகைக் கணக்கு 2025 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் உள்ளது. அதில் கணக்கு தானாகவே, பிள்ளை அனுமதிக்காத யாரும் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் வராது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் இத்தனையும் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்தால்தான் நடக்கும். நம் பக்கத்தில் பல பிள்ளைகள் அப்பாவின் போனில், அப்பாவின் பெயரிலுள்ள கணக்கையே பயன்படுத்துகிறார்கள். செயலியைப் பொறுத்தவரை அவர்கள் நாற்பது வயது ஆண்கள். பாதுகாப்பு எதுவும் அவர்களைச் சேராது. எனவே பெரியவர் கணக்கைப் பகிர்வதைவிட அவளுக்கென்று தனிக் கணக்கு இருப்பதே நல்லது.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம் போன்ற சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10 முதல் தடை செய்துள்ளது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முழுமையாக நடைமுறைக்கு வர அவகாசம் தரப்பட்டுள்ளது.

பதில் 3: தருமபுரி, குழந்தைகள் நலப் பணியாளர்

சகோதரி, உங்கள் அண்ணன் சொல்லும் ‘பேர் கெட்டுவிடும்’ என்ற பேச்சைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வழியில் போகின்றன: அறிமுகமில்லாதவன் நட்பாகப் பேசி ஒரு படத்தை வாங்குகிறான், அல்லது முகத்தை வெட்டி ஒட்டி ஒரு படத்தைச் செய்கிறான், பிறகு மிரட்டுகிறான். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அவனுக்குக் கிடைக்கும் பெரிய ஆயுதம், வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தால் பெண் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் அவன் கேட்பதையெல்லாம் செய்கிறாள். ஆகவே கணக்குத் திறப்பதற்கு முன்பே, என்ன நடந்தாலும் பள்ளியை நிறுத்தமாட்டோம், திட்டாமல் கேட்போம் என்று நீங்களும் உங்கள் கணவரும் மாமியார் முன்னிலையிலேயே அவளிடம் சொல்லுங்கள்.

மிரட்டல் வந்தால் பணம் அனுப்பக்கூடாது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு அந்த நபரைத் தடுக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930, மற்ற உதவிக்கு 1098. குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். விளையாட்டாக முன்னனுப்பும் வகுப்புத் தோழனுக்கும் அது பொருந்தும்.

கேட்டவர்: பாலக்கோடு, ஒரு தாய்

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்ததும் மூவரும் உட்கார்ந்து, உண்மையான பிறந்த தேதியோடு கணக்குத் திறக்கிறோம். மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவள் யாருடன் பேசுகிறாள் என்பதை நான் பார்க்க முடியுமா?

பதில் 2: ஓசூர், மென்பொருள் பணியாளர்

முடியும் அக்கா. ஆனால் அதற்கு உங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். அவள் சம்மதத்துடன் இரண்டையும் இணைத்தால், எவ்வளவு நேரம் பார்த்தாள், கடந்த 7 நாட்களில் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்பது தெரியும். என்ன பேசினாள் என்பதைப் படிக்க முடியாது. உங்கள் கணக்கை முதலில் திறந்துவிடுங்கள்.