நடன அசைவு சிற்பத்தில் ஏன் விறைத்துப்போகிறது?

கேள்வி (மண்கை): 1911 வாக்கில் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த ‘நடன அசைவுகள்’ வரிசையின் சிறு உருவங்கள் அடுத்த நொடியே திரும்பிவிடும் போலிருக்கின்றன. புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாகச் செய்யும் உருவமோ கட்டைபோல நிற்கிறது. காரணம் என்ன? நடனக்காரிகளை ஓவியமாகவும் மெழுகுச் சிற்பமாகவும் செய்த பிரெஞ்சுக் கலைஞர் டெகா, ஒற்றைக்காலில் நிற்கும் உருவத்தை எப்படித் தாங்க வைத்தார்?

உளிச்சத்தம்: கேமரா ஒரு கணத்தை அறுத்தெடுக்கிறது, சிற்பி இரண்டு மூன்று கணங்களை ஒரே உடலில் சேர்க்கிறான். இது ரோடினே வைத்த வாதம். அவருடைய புனித யோவான் சிலையைப் பாருங்கள்: நடக்கிறார், ஆனால் இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கின்றன. நிஜ நடையில் பின்குதிகால் அதற்குள் எழும்பியிருக்கும். ஆகவே பாதத்தை அசைவின் தொடக்கத்திலிருந்தும், இடுப்பை நடுவிலிருந்தும், தோளையும் தலையையும் முடிவிலிருந்தும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் திருப்பினால் கிடைப்பது பொம்மைதான். நீங்கள் சொல்லும் வரிசையில் கை கால்களைத் தனித்தனி அச்சில் வார்த்து, கோணம் மாற்றி ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே கால் வெவ்வேறு உருவங்களில் வரும்.

தக்கை: டெகா விஷயத்தில் சூட்சுமம் உள்கூட்டில், அதாவது உருவத்தை உள்ளிருந்து தாங்கும் கம்பிச் சட்டத்தில். 1881-இல் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் கைகளுக்குள் தூரிகைக் காம்புகள் இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எடை குறைக்க மெழுகுக்குள் தக்கையையும் திணிப்பார். கம்பி மெலிந்தால் நீட்டிய கை தொங்கும், முதலில் மூட்டில்தான் விரிசல் விழும்.

நேராக நிற்கும் உருவமென்றால் கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள், ஊன்றுகாலின் கணுக்காலில் விழ வேண்டும். பாலே நடனத்தின் ஒற்றைக்கால் நிலையான அரபெஸ்க்கில் இது உதவாது. உடல் முன்னே சாய, கால் பின்னே நீளும். இரண்டின் மொத்த எடைக்கு நடு எதுவோ அது பாதத்துக்கு நேர்மேலே வர வேண்டும். மண் காயும்வரை வயிற்றுக்கடியில் ஒரு முட்டுக்கம்பி கொடுத்தால் தவறில்லை, டெகாவும் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தவர்தான். ஒரு எச்சரிக்கை: இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கும் வெண்கலங்கள் அவர் 1917-இல் இறந்தபின் வார்த்தவை. அவை நிற்பதை வைத்து மெழுகும் அப்படியே நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

உளிச்சத்தம்: சமநிலையே தலைவலி என்றால் பலகையோடு ஒட்டி நிற்கும் புடைப்புச் சிற்பம் செய்யுங்கள். பாரிஸில் 1913-இல் திறந்த ஷாம்ஸ் எலிசே அரங்கின் முகப்பில், சிற்பி பூர்தெல், நடனக் கலைஞர்கள் இசடோரா டங்கனையும் நிஜின்ஸ்கியையும் ஒரே பலகைக்குள் அடைத்தார். இருவரும் மேடையில் அப்படிச் சேர்ந்து ஆடியதில்லை! கல்லின் விளிம்பு இடிப்பதால் தலை குனிகிறது, முழங்கை மடிகிறது. வேகம் அந்த நெருக்கடியில்தான் பிறக்கிறது.

மண்கை: துணி பறப்பதுபோல் வேண்டுமானால்?

தக்கை: துணியைச் சுழற்றி ஆடிய நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர் கைநீளத்தைக் கூட்ட உடைக்குள் கோல்கள் பிடித்துச் சுழற்றினார், அதனால் மடிப்பெல்லாம் கோல்முனையிலிருந்து கிளம்பும். தோளிலிருந்து மடிப்பைத் தொடங்கினால் அது ஈரத்துணிதான்.